கத்தியா, பொறுமையா? ஒரு நோயாளியின் முடிவும் நம் நாவும்

புகழ் அனைத்தும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இந்த வாரத் தலைப்பு ஒரு தவறிலிருந்து வந்தது. அந்தத் தவறைச் செய்தவன் நான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி போன் செய்தார்கள். கல்லீரல் முழுவதும் நீர்க்கட்டிகள், வயிறு பெரிதாகிக்கொண்டே போகிறது, டாக்டர்கள் ஆபரேஷன் பற்றிப் பேசுகிறார்கள், உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். “ஹஜ்ரத், நான் செஞ்சுக்கலாமா? செஞ்சுக்கிட்டு மௌத் ஆயிட்டா அது தற்கொலை மாதிரி ஆயிடுமா?” என்று கேட்டார்கள். நான் அஸருக்கு வுளூச் செய்துகொண்டிருந்தேன். “ஸப்ரு செய்யுங்கம்மா, அல்லாஹ் ஷிஃபா தருவான், துஆ செய்றேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதன் பிறகு என் மனைவி அந்த வீட்டுக்கு நோய் விசாரிக்கப் போனார். திரும்பி வந்து சொன்னார்: அந்தச் சகோதரி ரெண்டு வருஷமாக ஸுஜூது செய்யவில்லை. குனிந்தால் மூச்சு முட்டுகிறது. ராத்திரி தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். நாலு கவளம் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடுகிறது. கை கால் எல்லாம் மெலிந்து, வயிறு மட்டும் நிறைமாதக் கர்ப்பிணி போல. கல்யாண வீட்டுக்குப் போனால், “இந்த வயசுலயா?” என்று சிரிக்கிறார்கள். அவர்கள் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். “ஹஜ்ரத்தே ஸப்ரு செய்யச் சொல்லிட்டாங்க” என்று ஆபரேஷன் பேச்சையும் விட்டுவிட்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சிதான் நினைவுக்கு வந்தது. ஒரு பயணத்தில் ஒரு ஸஹாபியின் தலையில் கல் பட்டுக் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று உடன் இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவரைக் கொன்றதே அந்தப் பதில்தான் என்றும், அறியாமை என்ற நோய்க்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வது என்றும் உணர்த்தினார்கள். தோழர்களே, அந்த மனிதர்கள் கெட்ட எண்ணத்தில் பதில் சொல்லவில்லை. மார்க்கத்தைக் காப்பதாக நினைத்துத்தான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனவே முதலில் நோயைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு கிதாபுகளைத் திறந்தேன். இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன். அந்தச் சகோதரியின் அனுமதியோடுதான் இதைப் பேசுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம். அவர்கள் யாரென்று யூகிக்கவும் வேண்டாம்.

இது என்ன நோய்?

இதற்கு பாலிசிஸ்டிக் லிவர் நோய் என்று பெயர். கல்லீரலில் ஒன்றிரண்டு நீர்க்கட்டி இருப்பது பலருக்கும் சாதாரணம். இந்த நோயில் பத்து, இருபது, நூறு என்று கட்டிகள் வளரும். பரம்பரையாக வருவது. சிலருக்குச் சிறுநீரகக் கட்டிகளோடு சேர்ந்து வரும், சிலருக்குக் கல்லீரலில் மட்டும் வரும். தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. புற்றுநோய் அல்ல. தொற்று அல்ல. செய்வினையும் அல்ல. அந்த வீட்டில் யாரோ தகடு எடுக்கச் சொல்லிப் பணம் கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். அந்தப் பணத்தை ஸ்கேனுக்குக் கொடுங்கள்.

இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. சாதாரணக் கல்லீரல் சுமார் ஒன்றரைக் கிலோ. இந்த நோயில் அது பல மடங்காகி வயிற்றையே அடைத்துக்கொண்டாலும், பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனையில் பெரிய குறை தெரியாது. கஷ்டமெல்லாம் அதன் கனத்தாலும் அளவாலும்தான். இரைப்பையை அழுத்தும், நுரையீரலை அழுத்தும், சில சமயம் பெரிய ரத்தக் குழாய்களையும் அழுத்தும். கட்டிக்குள் ரத்தம் கசியலாம், கிருமி சேரலாம்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் அதிகமானோருக்கு ஒரு தொந்தரவும் இருப்பதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். அவர்களுக்கு எந்த ஆபரேஷனும் தேவையில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து கத்திக்கு ஓடவேண்டாம்.

பெண்களுக்கே இது அதிகம் வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதற்கு ஒரு காரணம். எனவே ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரைகளைத் தவிர்க்கும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஹஜ், உம்ராவுக்குப் போகும்போது மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடும் சகோதரிகளே, உங்கள் குடும்பத்தில் இந்த நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் எந்த ஹார்மோன் மாத்திரையும் போடாதீர்கள்.

தராசின் இரண்டு தட்டுகள்

தொந்தரவு அதிகமானவர்களுக்கு என்ன வழி? சிலருக்கு ஒன்றிரண்டு பெரிய கட்டிகள்தான் பிரச்சனையாக இருக்கும். ஊசி வழியாக நீரை இறக்கி, மீண்டும் சுரக்காமல் இருக்க மருந்து செலுத்துவார்கள். மாதம் ஒருமுறை போடும் ஒருவகை ஊசியும் உண்டு. அது கல்லீரலை ஓரளவுதான் சுருக்கும், நிறுத்தினால் மீண்டும் வளரும்.

அடுத்தது, கட்டிகளின் மேற்கூரையை வெட்டித் திறந்துவிடும் ஆபரேஷன். 1968-ல் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று பலருக்குச் சிறு துளை வழியாகவே செய்கிறார்கள். நிம்மதி கிடைக்கும். ஆனால் சுமார் நாலில் ஒருவருக்குத் தொந்தரவு திரும்பி வருகிறது.

அதைவிடப் பெரியது, கட்டிகள் மண்டிய பாகத்தையே வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பாகத்தை விட்டுவைப்பது. வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு இதனால் தொந்தரவு குறைகிறது. ஆனால் சுமார் பாதிப் பேருக்கு ரத்தக் கசிவு, பித்தநீர்க் கசிவு, வயிற்றில் நீர் சேர்வது என்று ஏதாவது ஒரு சிக்கல் வருகிறது. நூற்றுக்கு மூன்று பேர் அளவில் உயிர் பிழைப்பதில்லை. பின்னாளில் கல்லீரல் மாற்ற வேண்டி வந்தால், பழைய ஆபரேஷனின் தழும்பு அதைக் கடினமாக்கவும் செய்யும்.

கடைசி வழி கல்லீரலையே மாற்றுவது. கல்லீரலில் உள்ள கட்டிகள் அடியோடு போக அது ஒன்றுதான் வழி. ஆனால் வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். தானம் கிடைக்கவும் வேண்டும். கல்லீரலின் வேலை கெட்டுப்போனவர்களுக்கே வரிசையில் முன்னுரிமை. இவர்களுக்கோ கல்லீரல் வேலை செய்கிறது. எனவே வரிசையில் பின்னால் நிற்கிறார்கள். மார்க்கத்தில் இது கூடுமா என்று கேட்பீர்கள். 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி நிபந்தனைகளோடு அனுமதித்தது. அனுமதிக்காத பெரிய உலமாக்களும் உண்டு. அந்தக் கட்டம் வந்தவர்கள் தாங்கள் நம்பும் முஃப்தியிடம் நேரில் கேளுங்கள்.

கிதாபுகள் என்ன சொல்கின்றன?

இப்போது அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு வருவோம். நோய் தானாகக் கொல்லவில்லை. கத்தியோ, கொல்லும் வாய்ப்பு கொஞ்சம் இருக்கிறது. நிம்மதியாக மூச்சுவிட வேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கலாமா? உயிர் அல்லாஹ்வின் அமானிதம் அல்லவா?

நம் இமாம்கள் இந்தக் கேள்வியை எழுநூறு வருடங்களுக்கு முன்பே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 676-ல் வஃபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை நாங்கள் மதரஸாவில் ஓதினோம். அதில் கட்டியை அறுப்பது பற்றி ஒரு சட்டம் வருகிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவே, கொண்டைக்கடலை அளவிலிருந்து தர்பூசணி அளவு வரை வளரும் கட்டி என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஓதும் காலத்தில் அந்தத் தர்பூசணியைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அந்தச் சட்டத்தின் சாரம் இது. தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும் தகுதி உள்ளவர் தன் கட்டியை அறுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு நிலைகளில் கூடாது. ஒன்று, அறுப்பதில் உயிர் பயம் இருக்கிறது, விட்டுவிட்டால் எந்த ஆபத்தும் இல்லை. இரண்டு, இரண்டிலும் ஆபத்து இருக்கிறது, ஆனால் அறுப்பதில்தான் ஆபத்து அதிகம்.

இதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பாருங்கள். கத்தியை எடுப்பதே தவக்குலுக்கு மாற்றம் என்று இமாம் சொல்லவில்லை. எந்தக் கத்தியானாலும் ஆகும் என்றும் சொல்லவில்லை. எடைபோடு என்கிறார்கள். விட்டுவிடுவதற்கும் ஒரு எடை உண்டு என்கிறார்கள். நாம் அந்த இரண்டாவது தட்டைப் பார்ப்பதே இல்லை. ஆபரேஷனில் போவோர் எத்தனை பேர் என்று கேட்கிறோம். ஆபரேஷன் இல்லாமல் இந்தப் பெண் எப்படி வாழ்கிறாள் என்று கேட்பதில்லை.

ஹனஃபி சகோதரர்களுக்கு ஃபதாவா ஆலம்கீரியில் இன்னும் நெருக்கமான வாசகம் இருக்கிறது. அதன் கருத்து: அபாயமான காயங்கள், மூத்திரப்பையில் கல் போன்றவற்றில், பிழைக்கவும் செய்வார், இறக்கவும் கூடும் என்று சொல்லப்பட்டால் சிகிச்சை செய்யலாம். பிழைக்கவே மாட்டார் என்று சொல்லப்பட்டால் விட்டுவிட வேண்டும். மயக்க மருந்து இல்லாத காலத்தில் எழுதிய சட்டம் இது.

1992-ல் அதே ஃபிக்ஹு அகாடமி சிகிச்சையைப் பற்றி வகுத்ததையும் பாருங்கள். விட்டால் உயிரோ உறுப்போ போகும், அல்லது முடமாகும், அல்லது பிறருக்குத் தொற்றும் என்றால் சிகிச்சை வாஜிப். அந்த அளவு இல்லை, ஆனால் உடல் பலவீனமாகும் என்றால் முஸ்தஹப். இரண்டும் இல்லை என்றால் முபாஹ். நீக்க வந்த நோயைவிடப் பெரிய கேட்டைச் சிகிச்சையே கொண்டுவரும் என்று பயந்தால் மக்ரூஹ். முழுத் தகுதியுள்ள நோயாளியின் சம்மதம் வேண்டும் என்றும் அதே தீர்மானம் சொல்கிறது.

இந்தத் தராசில் வைத்தால் ஒரே நோய்க்கு ஒரே பதில் இல்லை என்பது தெரியும். ஸ்கேனில் மட்டும் கட்டி உள்ளவர், நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குபவர், வயிறு கொஞ்சம் தெரிகிறதே என்று பெரிய ஆபரேஷனுக்குப் போனால், அது இமாம் நவவி தடுத்த முதல் நிலைக்குப் பக்கத்தில் போகிறது. சாப்பிட முடியாமல் மெலிந்து, மூச்சுக்குத் தவிப்பவருக்கு, விட்டுவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. அவர் தகுந்த மருத்துவர்களின் ஆலோசனையோடு ஆபரேஷனுக்குப் போனால் அது தற்கொலை அல்ல. தற்கொலை செய்பவர் சாவைத் தேடிப் போகிறார். இவர் வாழ்வைத் தேடிப் போகிறார். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் திரும்பிப் போகத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். படுக்கையும் அவன் விதி. ஆபரேஷன் தியேட்டரும் அவன் விதி.

அப்படியானால் ஸப்ரு எங்கே?

ஸப்ரைத் தேர்ந்தெடுப்பவருக்கும் இடம் இருக்கிறது. புகாரியில் வரும் அந்தக் கறுப்பு நிறப் பெண்மணியை நினைவுகொள்ளுங்கள். வலிப்பு வருகிறது, ஆடை விலகுகிறது, எனக்காக துஆ செய்யுங்கள் என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் இரண்டு வழிகளை முன்வைத்தார்கள். பொறுத்தால் சுவனம், விரும்பினால் ஷிஃபாவுக்கு துஆ. அந்தப் பெண்மணி பொறுமையைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ கேட்டார்கள்.

இந்த ஹதீஸை நாம் ஸப்ருக்கு ஆதாரமாகவே சொல்வோம். நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். இந்த முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. கேட்டது அந்தப் பெண்மணியிடம். அவருடைய கணவரிடமோ அண்ணனிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்கப்படவில்லை. நபி (ஸல்) அவர்களே அவர் சார்பில் முடிவு செய்யவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஸப்ரு என்பது ஒருவர் தாமே எடுத்துக்கொள்வது. பக்கத்து வீட்டுக்காரர் அதை இன்னொருவர் தலையில் வைத்தால் அது ஸப்ரு அல்ல, சுமை. போனில் நான் வைத்தது அந்தச் சுமையைத்தான். நேரில் போய், கணவரும் மகளும் இருக்கும்போது, அவர்களிடம் மாஃபு கேட்டேன். “நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க ஹஜ்ரத்” என்றார்கள். நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனால் கேட்காமல் சொன்னேன்.

மறுபக்கமும் உண்டு. “செலவைப் பத்திக் கவலைப்படாதே, நாளைக்கே அட்மிட் ஆயிடு” என்று வெளிநாட்டிலிருந்து போனில் நிர்ப்பந்திக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது பாசம்தான். ஆனாலும் வயிறு அவர்களுடையது அல்ல. பயப்படும் தாயைக் கோழை என்று சொல்லாதீர்கள். தகவலைக் கொடுங்கள், நேரம் கொடுங்கள், இஸ்திகாரா தொழச் சொல்லுங்கள். கனவில் பதில் வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆலோசித்து, தொழுது, மனம் நிலைகொள்ளும் பக்கம் அடி எடுத்து வைப்பதே போதும்.

டாக்டரிடம் போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என் கட்டிகள் எந்த வகை? ஊசியால் தீருமா, கத்தி தேவையா? இப்படிப்பட்ட ஆபரேஷன் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? திரும்ப வளர வாய்ப்பு எவ்வளவு? ஒரு வருடம் காத்திருந்தால் என்ன ஆகும்? இதைக் கேட்பது டாக்டரை அவமதிப்பது அல்ல. மருத்துவம் தெரியாமல் வைத்தியம் பார்ப்பவர் நஷ்டத்துக்குப் பொறுப்பு என்பது நபிமொழியின் கருத்து. அனுபவம் உள்ளவரைத் தேடுவது நம் கடமை. இன்னொரு டாக்டரிடம் கேட்பதும் மஷ்வராதான்.

உட்கார்ந்தும் சைகையாலும் தொழுவதை நினைத்து அந்தச் சகோதரி அழுதார்கள். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலநோய் இருந்தபோது, நின்று முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறம் படுத்துத் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்தத் தொழுகையில் குறை இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீர் பட்டால் ஆகாது என்று டாக்டர் சொன்னால் தயம்மும் இருக்கிறது.

நம்மிடம் ஒரு வேண்டுகோள்

அந்தச் சகோதரிக்குக் கட்டிகள் கல்லீரலின் ஒரு பக்கத்தில்தான் மண்டியிருக்கின்றன. மறுபக்கம் ஓரளவு நன்றாக இருக்கிறது. எனவே வெட்டி எடுக்க முடியும் என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்று சதவீதத்தையும் பாதிப் பேருக்கு வரும் சிக்கலையும் மறைக்காமல் சொன்னார்கள். அவர்கள் ஒரு வாரம் இஸ்திகாரா தொழுதார்கள். பிறகு சொன்னார்கள்: “ஒரு ஸுஜூதாவது நெத்தியைத் தரையில வச்சுச் செய்யணும் ஹஜ்ரத். அதுக்காகத்தான் போறேன்.” கடன் விவரத்தை எழுதிவிட்டார்கள், வஸிய்யத்தும் எழுதிவிட்டார்கள். வரும் புதன்கிழமை ஆபரேஷன்.

இன்று வெள்ளிக்கிழமை. முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. அது தெரியாதபோதே இதைப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் நல்லபடியாக வந்துவிட்டால், அன்றைக்கே செஞ்சிருக்கலாமே என்போம். வேறுவிதமாக நடந்துவிட்டால், கத்தி வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாங்களே என்று மையித்து வீட்டிலேயே பேசுவோம். அப்படிச் செய்திருந்தால், இப்படிச் செய்திருந்தால் என்ற பேச்சு ஷைத்தானின் வேலைக்குக் கதவைத் திறக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

முடிவு சரியா தவறா என்பதை விளைவைக் கொண்டு தீர்ப்பது நம் பழக்கம். அது நியாயம் இல்லை. விளைவு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நம்மிடம் கேட்கப்படுவது, நிய்யத் என்ன, கேட்டாயா, எடைபோட்டாயா, அவன் மீது பொறுப்பைச் சாட்டினாயா என்பதுதான். அந்தச் சகோதரி நாலையும் செய்துவிட்டார்கள். புதன்கிழமை என்ன நடந்தாலும் அவர்கள் முடிவு சரியான முடிவே. இதே நோயோடு, இதே அளவு யோசித்து, வேண்டாம் என்று சொல்லும் இன்னொரு சகோதரியின் முடிவும் சரியான முடிவே.

கடைசியாக ஒன்று. அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். நோய் பரம்பரை என்றவுடன் அந்தப் பிள்ளையின் வரன் பற்றிய பேச்சு ஊரில் தொடங்கிவிடும். அவளுக்கு நோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் பெரும்பாலோர் தொந்தரவே இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். நம் நாவால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வெட்டாமல் இருப்போம். அந்த வெட்டுக்கு மயக்க மருந்தும் கிடையாது.

யா அல்லாஹ்! நோயைத் தந்தவனும் நீ, ஷிஃபாவைத் தருபவனும் நீ. உன் அடியாளான அந்தச் சகோதரிக்கு இலேசாக்கு. வெட்டும் கைகளுக்கு நிதானத்தைக் கொடு. அவர் ஆசைப்பட்ட அந்த ஸுஜூதை நஸீபாக்கு. நீ வேறுவிதமாக நாடினால் அந்த நிய்யத்தையே ஸுஜூதாக ஏற்றுக்கொள். கேட்காமல் பதில் சொன்ன எங்களை மன்னிப்பாயாக. எங்கள் வீடுகளில் படுத்திருக்கும் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.